பண்டிகை வரிசைக்கு ஏற்ற தோட்டத்துப் பொருள்கள்

நம் நாட்டில் பண்டிகை நாட்களிலும், கலியாணம், வளைகாப்பு, புதுமனை புகுதல் முதலிய விசேஷங்களிலும் உற்றார் உறவினர்க்கு வரிசை அனுப்பும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. தலை தீபாவளிச் சீர், பொங்கல் சீர், ஆடிச் சீர், தாய்மாமன் சீர் என்று இவற்றுக்குத் தனித்தனிப் பெயர்களும் முறைகளும் உண்டு. இவ்வழக்கம் நல்லதா கெட்டதா என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. பெண் கொடுத்த வீட்டாரும் பெண் எடுத்த வீட்டாரும் ஆண்டில் இரண்டொரு முறையேனும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கிறது. ஆனால் அதற்கு ஆகும் ரொக்கச் செலவு எங்கிருந்து வருகிறது என்பதைப் பயிரிடுவோர் கணக்கிட்டுப் பார்ப்பது மிகவும் அவசியமாகும்.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டைச் சார்ந்த வாழவந்தி முதலிய கிராமங்களிலுள்ள சிறு தோட்டக்காரர்களுக்குக் காப்பியே முக்கியமான ரொக்கப் பயிர். காப்பிப் பழம் கார்த்திகை முதற்கொண்டுதான் மும்முரமாகப் பறிப்புக்கு வரும். தீபாவளியோ ஐப்பசியில் வந்துவிடுகிறது. அதற்கு முன் ஆடிச் சீர். ஆகவே செலவு முன்னதாகவும் வரவு பின்னதாகவும் அமைகின்றன. இவ்விடைவெளியில்தான் சிலர், பழம் சிவக்கும் முன்னரே வியாபாரியிடம் முன்பணம் பெற்று, அவ்வாண்டு மகசூலின் ஒரு பகுதியை விலை இன்னதென்று அறியாமலே ஒப்புக்கொடுத்து விடுகின்றனர். இரண்டு புடைவை, ஒரு வேட்டி, நான்கு பெட்டி மிட்டாய் ஆகியவற்றுக்காகப் பெற்ற சிறு தொகைக்கு, மாசி மாதம் வரையில் பேரம் பேசும் உரிமை போய்விடுகிறது. இது வட்டியைக் காட்டிலும் பெரிய நஷ்டம்.

அதே தோட்டத்தில், காப்பிக்கு நிழலாக நிற்கும் மரங்களினிடையே கொய்யா உதிர்ந்து கிடக்கிறது. பலாப்பழம் காய்த்த இடத்திலேயே அழுகுகிறது. சவுக்கு மரத்தைப் போல் உயர்ந்து வளரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்கிறது. வேலியோரத்தில் நார்த்தையும் எலுமிச்சையும் உண்டு. மலிவான நாளில் இவற்றைக் கீழே கொண்டுபோய் விற்றால் வண்டிச் சத்தத்துக்கே சரியாய்விடும் என்று விட்டுவிடுகிறார்கள். சேலம் கலெக்டராயிருந்த எம்.டி. காக்பர்ன் என்பவர் 1820-களில் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தபோது, பேரி, ஆப்பிள் முதலிய பழ மரங்களையும் கூடவே வைத்துப் பார்த்தார். அந்நாள் முதல் இது காப்பி மலையாக இருப்பதுபோலவே பழ மலையாகவும் இருக்கிறது. எனினும் பழத்தைப் பக்குவம் செய்து வைக்கும் வித்தை காப்பியைப் போல் வீட்டுக்கு வீடு பரவவில்லை.

துணிமணி வாங்குவதை அடியோடு நிறுத்துமாறு நாம் சொல்லவில்லை. மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, ஒரு துணி என்ற அளவில் முறைக்கு உரியவற்றை வைத்துக்கொண்டு, தட்டின் மற்ற இடத்தை நிரப்புவதற்குக் கடைப் பொருளுக்குப் பதிலாகத் தோட்டத்துப் பொருளை வைக்கலாம் என்பதே நமது யோசனை. "வீட்டில் செய்ததை அனுப்பினால் சம்பந்தி வீட்டார் குறைவாக எண்ணுவார்களே" என்று பெண்மணிகள் ஆட்சேபம் கூறுவது நியாயமே. அவ்வாறு எண்ணுவதற்குக் காரணம் வீட்டில் செய்தது என்பதன்று. நான்காம் நாள் அது பூஞ்சணம் பூப்பதும், எண்ணெய்ச் சிக்கு வாடை வீசுவதும், ஒழுகிப் புடைவையைக் கறைப்படுத்துவதுமே காரணம். வீட்டில் உண்பதற்குச் செய்யும் பண்டம் இரண்டு நாள் நின்றால் போதும். வரிசைக்கு அனுப்பும் பண்டமோ பிரயாணம் செய்து, வேறு சீதோஷ்ணத்தில் சில வாரமாவது கெடாமல் நிற்க வேண்டும். அதற்குரிய முறைகளையே கீழே விவரிக்கிறோம்.

காப்பி

சமவெளியில் உள்ளவர்களுக்கு மலையிலிருந்து அனுப்பத்தக்க பொருள்களில் முதலாவது காப்பியே. கீழேயுள்ள கடைகளில் விற்கும் தூளில் பெரும்பாலும் சிக்கரி கலந்திருக்கும். கலப்புத் தூளில் நூற்றுக்கு 51 பங்காவது காப்பி இருந்தால் போதும் என்று உணவுச் சட்ட விதிகள் அனுமதிக்கின்றன. ஆகவே கலப்பில்லாத காப்பி, அதுவும் பறித்தவர் கையாலேயே வறுத்தது, அங்கே அருமையான பொருளாகும். இங்கே அது களத்தில் காய்கிறது.

ஏறத்தாழ 6 கிலோ பழுத்த பழத்திலிருந்து 1 கிலோ சுத்தமான கொட்டை கிடைக்கும். வறுக்கும்போது அதில் ஆறிலொரு பங்கு எடை குறையும். எனவே 6 கிலோ பழத்துக்குக் கால் கிலோப் பொட்டலம் மூன்று கட்டி, வீட்டுக்கும் சிறிது மிஞ்சும். பொங்கல் சீருக்குப் புதுக் காப்பி ஆகும். தீபாவளிக்கு வேண்டுமானால் முந்தின பருவத்துக் காப்பியில் சில கிலோவைப் பார்ச்மெண்ட் தோலுடனேயே சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் நிறுத்தி வைத்துக்கொள்ள வேண்டும். தோல் நீக்கிய கொட்டையைக் காட்டிலும் தோலுடன் இருப்பது நெடுநாள் மணம் குன்றாதிருக்கும். மிளகு மூட்டை, உரம், மண்ணெண்ணெய் இவற்றின் அருகில் வைக்கலாகாது. காப்பிக் கொட்டை பிற வாசனையை விரைவில் இழுத்துக்கொள்ளும்.

வரிசைக்கு எடுத்து வைக்கும் பழம் முற்றும் சிவந்ததாக இருக்க வேண்டும். காயும் பழமுமாக உருவினது ஆகாது. பறித்த அன்றே தண்ணீரில் இட்டு, மிதப்பவற்றை நீக்கி, மேல் தோலைப் பிதுக்கி எடுத்துவிட்டு, வழவழப்புப் போகும்வரை மூடி வைக்க வேண்டும். சமவெளியைவிட மலையில் குளிர் அதிகமாதலால் இதற்கு ஒன்றரை நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். மணிக்கணக்கை நம்பாமல், ஒரு பிடி எடுத்துக் கழுவித் தேய்த்துப் பார்த்துக் கூழாங்கல்லைப் போல் நெருநெரு என்று இருந்தால் உடனே கழுவிவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் புளிப்பு வாடை கொட்டைக்குள் இறங்கிவிடும். பின்பு பாயிலோ சிமெண்டுக் களத்திலோ மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, ஏழு முதல் பத்து நாள் வெயிலில் உலர்த்த வேண்டும். வெறும் மண் தரையில் உலர்த்தின காப்பியில் மண் வாடை நீங்காது. இரவில் மூடி வைப்பது அவசியம், ஏனெனில் மார்கழிப் பனி பகலில் காய்ந்ததை மீண்டும் நனைத்துவிடும். பல்லால் கடித்தால் தடம் பதியாமல் இரண்டாகத் தெறிக்கும் பதமே சரியான காய்ச்சல்.

வறுப்பதற்குக் கனமான இரும்புச் சட்டியே ஏற்றது. ஒரு முறைக்குக் கால் கிலோவுக்கு மேல் போடலாகாது. நிறையப் போட்டால் சில கொட்டைகள் கரியும், சில பச்சையாக நிற்கும். இடைவிடாமல் துழாவி வர, கொட்டை மஞ்சளாகிப் பின் பழுப்பேறிப் படபடவென்று வெடிக்கும். வெடிப்பு அடங்கி, நிறம் முழுவதும் ஒன்றுபட்டதும் இறக்கிவிட வேண்டும். எண்ணெய் கசிந்து கறுக்கும் வரையில் வறுப்பதே வலுவான காப்பி என்பது தவறான எண்ணம். இறக்கியதும் முறத்தில் கொட்டிப் புடைத்து விரைவில் ஆற்ற வேண்டும். சட்டியிலேயே விட்டால் சூட்டினால் மேலும் கறுக்கும்.

ஆறியவுடன் டப்பாவில் அடைத்து இறுக மூடுவது பலரும் செய்யும் காரியம். புதிதாய் வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளிப்பட்டுக்கொண்டே இருக்குமாதலால் ஒரு நாளாவது தளர மூடி வைத்துப் பின்னரே இறுக்க வேண்டும். தூளாக அரைத்து அனுப்புவதைவிடக் கொட்டையாக அனுப்புவது மேல். கொட்டை ஒரு மாதம் வரை மணத்தோடிருக்கும். தூளின் மணம் இரண்டு வாரத்தில் மங்கத் தொடங்கும். பெறுபவர் வீட்டில் அரைக்கும் வசதி இல்லையெனில், புறப்படுவதற்கு முந்தின நாள் அரைத்தால் போதும்.

கொய்யா ஜெல்லி

ஜெல்லி என்பது பழச் சாற்றைச் சர்க்கரையோடு காய்ச்சி, ஆறியபின் அசையாமல் நிற்கும்படி செய்யும் பண்டம். கண்ணாடி போல் தெளிவாகவும், கரண்டியால் வெட்டினால் முனை மழுங்காமலும் நிற்பதே நல்ல ஜெல்லிக்கு அடையாளம். கொய்யாவில் இயற்கையாகவே பெக்டின் என்னும் சத்து மிகுந்திருப்பதால் வேறு எதுவும் சேர்க்காமலே அது உறையும். அதனால்தான் முதன்முதலில் கற்பவர்களுக்குக் கொய்யாவையே சிபாரிசு செய்கிறோம்.

நன்கு முற்றி, இன்னும் கெட்டியாயிருக்கும் காய்களே இதற்கு வேண்டும். கனிந்து குழைந்த பழத்தில் பெக்டின் குறைந்துவிடும். மணத்துக்காகக் கனிந்தவை சிலவற்றைச் சேர்க்கலாம். 1 கிலோ கொய்யாவைக் கழுவித் தோல் சீவாமல் மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஒன்றரை லிட்டர் தண்ணீரும், இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாறும் சேர்த்து அரை மணி நேரம் வேக வைக்க வேண்டும். எலுமிச்சை கிடைக்காத காலத்தில் 2 கிராம் சிட்ரிக் அமிலம் போதும். பாத்திரம் துருப்பிடிக்காத எஃகாயிருப்பது நலம். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்கள் உதவா, புளிப்பு அவற்றை அரித்துவிடும். வெந்ததைக் கெட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தானாக வடியும் சாற்றை மட்டும் சேர்க்க வேண்டும். சீக்கிரம் ஆகட்டும் என்று துணியைப் பிழிந்தால் ஜெல்லி கலங்கிவிடும்.

இனிச் சர்க்கரை எவ்வளவு என்பதைச் சாறே சொல்லும். ஆறின சாற்றில் ஒரு தேக்கரண்டி எடுத்து, அதில் இரண்டு தேக்கரண்டி ஸ்பிரிட்டு மெதுவாக ஊற்றிச் சில நிமிஷம் வைக்க வேண்டும். முழுவதும் ஒரே கட்டியாகத் திரண்டால் சாற்றின் எடைக்குச் சமமான சர்க்கரை தாங்கும். மூன்று நான்கு துண்டாகத் திரண்டால் முக்கால் பங்கு சேர்க்கலாம். சிறு சிறு துகளாகச் சிதறினால் அரைப் பங்கே தாங்கும், அல்லது சாற்றை இன்னும் சுண்டக் காய்ச்ச வேண்டும். ஸ்பிரிட்டு விஷமாதலால் பரிசோதித்ததை உடனே கொட்டிவிடுதல் அவசியம். நமது கொய்யாவுக்குப் பெரும்பாலும் 1 லிட்டர் சாற்றுக்கு முக்கால் கிலோ சர்க்கரை சரியாக இருக்கும். அதிலிருந்து 1 கிலோவுக்குச் சற்று அதிகமாக ஜெல்லி கிடைக்கும். அது கால் கிலோ ஜாடிகள் நான்கில் கொள்ளும். ஆக, கைவிட்டுச் செலவாவது முக்கால் கிலோ சர்க்கரையும் ஜாடியும்தான். காப்பிச் செடி கவாத்து செய்த குச்சிகளே அடுப்புக்குப் போதும்.

இங்கே மலைவாசிகள் கட்டாயம் அறிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உஷ்ணமானி வைத்துக் காய்ச்சுவோர், 105 டிகிரி சென்டிகிரேடு வந்ததும் ஜெல்லியை இறக்குக என்று எல்லாப் புத்தகங்களிலும் படித்திருப்பர். அக்கணக்கு கடல் மட்டத்துக்குரியது. உயரம் ஏறத்தாழ 1,000 அடி கூடுந்தோறும் தண்ணீர் கொதிக்கும் நிலை 1 டிகிரி குறையும். 4,500 அடி உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே அங்கு ஜெல்லி 100 டிகிரியிலேயே பதமாகும். 105 வரட்டும் என்று காத்திருந்தால் கிடைப்பது ஜெல்லியன்று, பல்லில் ஒட்டும் பாகு. சர்க்கரை போடுவதற்கு முன் தம் வீட்டில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு உஷ்ணமானி காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் 5 டிகிரி என்று வைத்துக்கொள்வதே எந்த ஊருக்கும் பொருந்தும் முறை. உஷ்ணமானி இல்லாதோர் அகப்பையை முக்கித் தூக்கிச் சாய்த்துப் பார்க்கலாம். துளித்துளியாகச் சொட்டினால் பதம் ஆகவில்லை. இரண்டு துளிகள் ஒன்றாகக் கூடி விளிம்பில் தகடுபோல் தொங்கி விழுந்தால் பதம் ஆயிற்று.

இக்காரணம் பற்றியே ஜாடிகளைக் கொதிநீரில் இட்டுச் சுத்தம் செய்வதற்கும் மலையில் அதிக நேரம் வேண்டும். கீழே 10 நிமிஷம் எனில் இங்கே 15 நிமிஷம் கொதிக்க வேண்டும். சூடான ஜாடியில் சூடாகவே ஜெல்லியை ஊற்றி, மேல் நுரையை நீக்கி, மூடியிட்டு ஒரு நாள் முழுதும் அசைக்காமல் வைக்க வேண்டும். அதற்கு முன் வண்டியில் ஏற்றினால், சேலம் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஜெல்லியை மீண்டும் சாறாக்கிவிடும்.

பிற பழங்களைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். கமலா ஆரஞ்சில் தோலோடு கூடிய மார்மலேடு செய்யலாம். தோலை மெல்லியதாக நறுக்கி, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி வேக வைத்தாலன்றிக் கசப்பு நீங்காது. உறைவதற்கு எலுமிச்சை சேர்ப்பது நலம். ஆயினும் நோய்களால் நலிந்து, கமலா மரங்கள் இம்மலையில் முன்போல் இல்லை. பலாப்பழத்தில் புளிப்பு மிகவும் குறைவு. சிட்ரிக் அமிலம் சேர்க்காமல் அதில் ஜாம் செய்து அடைத்து வைப்பது அபாயம். பலாச்சுளை வறுவல் அனைவருக்கும் பிரியமானதே. ஆனால் சில வாரங்களில் எண்ணெய் சிக்குப் பிடிக்குமாதலால் அண்டை அயலுக்குக் கொடுக்கலாமே தவிரத் தொலைவுக்கு ஏற்றதன்று. எண்ணெயில் பச்சைப் பூண்டை ஊறவைத்துப் புட்டியில் அடைத்து அனுப்பும் புது வழக்கம் அண்மையில் தலைகாட்டுகிறது. இது கூடவே கூடாது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள், புளிப்பில்லாத பண்டத்தில், பாட்டுலிசம் என்னும் கொடிய விஷம் உண்டாகக்கூடும். அதை வாடையாலோ நிறத்தாலோ கண்டுபிடிக்க முடியாது.

மிளகு, நார்த்தங்காய், தேன்

பெட்டிக்கடை மிளகில் பாதி சுருங்கியும் பாதி சாம்பல் நிறமாயும் இருப்பதைப் பார்க்கிறோம். கொத்திலிருந்து உதிர்த்த பச்சை மிளகை மூங்கில் கூடையிலோ துணியிலோ கட்டி, கொதிக்கும் நீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்து உலர்த்தினால், மூன்று முதல் ஐந்து நாளில் ஒரே சீரான கறுநிறம் பெறும். தூசும் கிருமியும் நீங்கும். பச்சையின் எடையில் மூன்றிலொரு பங்கு உலர்ந்த மிளகாகும். 100 கிராம் மிளகைச் சிறு துணிப்பையில் கட்டிச் சீர்த் தட்டில் வைத்தால் அதை வேண்டாமென்று சொல்லும் சமையற்கட்டு இல்லை.

வயதானவர்களுக்கு உப்பு நார்த்தங்காயைப் போன்ற பரிசு வேறில்லை என்பது எமது அபிப்பிராயம். நார்த்தங்காயைச் சுருள் சுருளாக அரிந்து, காயின் எடையில் ஐந்திலொரு பங்கு கல்லுப்பை மடிப்புகளில் அடைத்துப் பீங்கான் ஜாடியில் பத்து நாள் வைத்துத் தினமும் குலுக்க வேண்டும். பின்பு பகலில் வெயிலில் காயவைத்து, மாலையில் மீண்டும் அதே உப்புநீரில் போட்டு, நீர் முழுவதும் வற்றும்வரை இவ்வாறு செய்து வர வேண்டும். இது ஆண்டுக்கணக்கில் நிற்கும். பழையதாக ஆக மதிப்பும் கூடும்.

தேன் விஷயத்தில் சற்று எச்சரிக்கை வேண்டும். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் நியூட்டன் என்ற பாதிரியார் நமது இந்தியத் தேனீக்கேற்ற சிறிய பெட்டி ஒன்றை அமைத்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. 1991-92-ல் புழுக்களைத் தாக்கும் வைரஸ் நோய் தென்னாட்டில் பரவி அநேகக் கூடுகள் அழிந்தபின், பலர் இத்தொழிலைக் கைவிட்டனர். மீண்டும் பெட்டி வைத்திருப்போர்க்குக் காப்பி பூக்கும் காலத்தை ஒட்டித் தேன் கிடைக்கும். அடையில் நான்கில் மூன்று பங்கு அறைகள் மெழுகால் மூடப்பட்ட பின்னரே தேன் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்த தேனில் ஈரம் மிகுந்து, நாளடைவில் நுரைத்துப் புளிக்கும். நல்ல தேனும் குளிரில் உறைந்து சர்க்கரை போலாவது உண்டு. கலப்படம் என்று எண்ணி எறியாதிருக்கும் பொருட்டு இதைச் சீட்டில் எழுதியனுப்ப வேண்டும். அன்றியும், பிள்ளை பிறந்த வீட்டுக்குத் தேன் கொண்டுபோய்ச் சேனை வைக்கும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவுவதும் தகாது என்பது வைத்தியர்களின் திடமான கருத்து. மேலே கூறிய பாட்டுலிசக் கிருமியின் விதைகள் தேனில் இருக்கக்கூடும். அவை பெரியோர்க்குத் தீங்கு செய்யாவிடினும் சிசுவின் குடலில் முளைத்து உயிருக்கே ஆபத்து விளைவிக்கும். பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தேனுக்குப் பதில் மிளகு கொண்டு போகலாம். தேன் எடுத்தபின் மிஞ்சும் அடையை வெந்நீரில் உருக்கித் துணியில் வடிகட்டினால் மெழுகு ஆடைபோல் மேலே உறையும். பருத்தித் திரியை அதில் பலமுறை தோய்த்து எடுத்தால் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு நல்ல மெழுகுவர்த்திகள் ஆகும்.

புதுமனை புகுவோர்க்குக் கொய்யாப் பதியம் ஒன்று அளிப்பது மிகவும் பொருத்தமானது. ஆடி மழையில் பென்சில் பருமனுள்ள கிளையில் ஓரங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரமான தென்னை நார்க்கழிவை வைத்துக் கட்டினால், ஐப்பசிக்குள் வேர்விட்டுப் பையில் நடத் தயாராகும். கமலா ஆரஞ்சுக் கன்றுகளை மட்டும் இவ்வாறு பரிசாகக் கொடுக்க வேண்டாம். நோயுள்ள மரத்தின் ஒட்டுடன் நோயும் பிரயாணம் செய்யும்.

கட்டி அனுப்பும் முறை

தமிழ்நாட்டில் 1-1-2019 முதல், ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளும் தட்டுகளும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. 2021 டிசம்பரில் அரசாங்கத்தார் "மீண்டும் மஞ்சப்பை" என்ற இயக்கத்தைத் தொடங்கினர். கலியாண வீட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு கொடுக்கும் மஞ்சள் துணிப்பை நமக்குப் புதிதன்று. பழைய பருத்தி வேட்டியை வெட்டி, மஞ்சள் நீரில் தோய்த்து உலர்த்தி, வீட்டிலேயே தைத்த பை இன்றைய நாகரிகத்துக்கும் ஒத்தது. மூங்கில் கூடை முடைவோர் மலையிலேயே உள்ளனர். ஜாடிகளைக் கூடைக்குள் உலர்ந்த வாழைச் சருகு வைத்து ஒன்றோடொன்று மோதாமல் அடுக்கலாம்.

மழைக்காலத்தில் மலைக் காற்றில் ஈரம் மிகுதி. காப்பியையோ மிளகையோ பகலில், வெயில் ஏறியபின் அடைக்க வேண்டும். மாலைப் பனியில் அடைத்தால் ஈரத்தையும் சேர்த்தே அடைக்கிறோம். இன்னொரு விஷயம்: சமவெளியில் காற்றோடு அடைத்த பொட்டலம் மலைக்கு வந்தால் உப்பிக் காணும், மலையில் அடைத்தது கீழே போனால் ஒடுங்கிக் காணும். இது காற்றழுத்தத்தின் வேறுபாடேயன்றிக் கெட்டதற்கு அடையாளமன்று. ஆனால் இருந்த இடத்திலேயே இருந்து மூடி உப்பின ஜாடியை, உள்ளே இருப்பது எதுவாயினும், சுவைத்துப் பார்க்காமலே புதைத்துவிட வேண்டும்.

ஒவ்வொரு ஜாடியிலும் பொட்டலத்திலும் ஒரு சீட்டு ஒட்டி, பொருளின் பெயர், எடை, செய்த தேதி, எத்தனை நாளுக்குள் உபயோகிக்க வேண்டும் என்பது, திறந்தபின் எப்படி வைக்க வேண்டும் என்பது ஆகியவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம் இவ்வேலையை ஒப்படைத்தால் அழகாகவும் செய்வார்கள். சீட்டில்லாத ஜாடி சம்பந்தி வீட்டு அலமாரியில் ஆறு மாதம் தூங்கிய பின், அதைத் திறப்பவர் நமது பெயரைத்தான் நினைப்பார்.

பரிசாக அளிப்பதற்கு எவ்விதப் பதிவும் வேண்டியதில்லை. சுவை கண்டு பிறர் விலைக்குக் கேட்கத் தொடங்கினால் காரியம் வேறு. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சிறு அளவில் செய்து விற்போரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். சீட்டு எழுதுவதற்கும் விதிகள் உண்டு.

இதில் கிராம அலுவலர்கள் செய்யத்தக்க உதவி ஒன்று உள்ளது. பெரிய பாத்திரம், உஷ்ணமானி, தராசு இவை ஆண்டில் சில நாட்களே தேவைப்படுவன. ஒவ்வொரு வீட்டாரும் வாங்குவது வீண். 1940-ல், யுத்தகாலத்தில், இங்கிலாந்தின் கிராம மாதர் சங்கத்தினர் அரசாங்கம் ஒதுக்கிய சர்க்கரையைக் கொண்டு ஊர்ப் பொதுக்கூடங்களிலும் சமையற்கட்டுகளிலும் கூடி, வீணாகும் பழங்களையெல்லாம் ஜாமாகக் காய்ச்சி வைத்தனர். நமது மாகாணத்தில் 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று மலைக்கிராமங்களிலும் உள்ளன. குழுவுக்கு ஒரு செட்டுச் சாமான் வாங்கிவைத்து, கொய்யா மலியும் வாரத்தில் சமுதாயக் கூடத்தை இரண்டு நாள் திறந்துவிட்டால் போதும். செய்முறை காட்ட ஆள் வேண்டுவோர் சேலத்தை அடுத்த சந்தியூர் வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ, ஏற்காட்டுத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையோ முன்னதாக அணுகிக் கேட்கலாம்.

கண்ணாடி ஜாடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பும் வழக்கம் நம்மிடையே இல்லை. கீழிருந்து அது எள்ளோ, வெல்லமோ, மாவடுவோ நிரம்பித் திரும்பும். மறு ஆண்டு அதே ஜாடியில் ஜெல்லி ஊற்றுவதற்கு முன் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, சில்லு பெயர்ந்திருந்தால் ஊறுகாய்க்கு ஒதுக்கிவிட வேண்டும். ஊறுகாய் வாடை ஏறின மூடியையும், உட்புறம் துருப்பிடித்த மூடியையும் மீண்டும் ஜெல்லிக்குப் போடலாகாது. மூடி மட்டும் தனியாகச் சேலம் கடைகளில் கிடைக்கும். ஜாடியின் வாயளவை நூலால் அளந்துகொண்டு போக வேண்டும்.